இடது கால் நீண்ட பெருக்கல் குறி

உங்கள் அம்மா யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா? சும்மா தலையாட்டாதீர்கள். வீட்டில் என்ன பேசினார், எந்தக் கூட்டத்துக்குப் போனார் என்பதெல்லாம் தெரியும். அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றபோது அவர் கை எந்தப் பெயரிடம் போனது, அது தெரியுமா? எனக்குத் தெரியும். இப்போது எங்கள் ஊருக்கே தெரியும். யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் ஒரு வேலை பார்த்தேன். படித்த திமிரில் பார்த்த வேலை. அதைத்தான் எழுதுகிறேன். போனில் வேகமாக அடிக்கிறேன், அங்கங்கே எழுத்து விட்டுப்போனால் கண்டுகொள்ளாதீர்கள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏறி, அதற்கும் மேலே கொஞ்ச தூரம் போனால் கல்வராயன் மலை எழும்பும் இடத்தில் எங்கள் ஊர். ஊருக்கு நடுவில் ஜவ்வரிசி மில். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு டிராக்டர் டிராக்டராக இறங்கும். அம்மா அங்கே கிழங்குக்குத் தோல் சீவுகிறாள். நான் பிறக்கும் முன்பிருந்தே சீவுகிறாள். அப்பா பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒரு தடவை வருவார். நாங்கள் இருப்பது மில்லுக்குச் சொந்தமான லைன் வீடு. ஒரே சுவரில் ஒன்பது வீடுகள், கரண்டும் மில்லிலிருந்துதான். சோறு போடுகிறவரும் கூரை கொடுத்திருக்கிறவரும் ஒரே ஆள். ஊரில் எல்லோருக்கும் அவர் மொதலாளி. பெயர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மில் கழுவும் தண்ணீருக்கு ஒரு புளித்த வாடை உண்டு. முடியில் ஏறினால் இறங்காது. காலேஜ் முதல் வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பெண்கள் ஒரே வாரத்தில் இடம் மாறினார்கள். மூன்றாம் வருஷத்தில் நானே முன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, 'நாறுனா மூக்க மூடிக்கோங்க' என்று சொல்லும் அளவுக்கு வாய் வளர்ந்துவிட்டது. வாய் வளர்ந்ததுதான் பிரச்சினை.

ஊராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்தது. மொதலாளி அம்மாவைக் கூப்பிட்டார். "நீ நில்லும்மா. பேரு மட்டும் உன்து, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றார். அம்மா நின்றாள், ஜெயித்தாள். யாரும் எதிர்பார்க்காத விஷயம் அதற்கப்புறம்தான் நடந்தது. அம்மா அதை நிஜமாகவே வேலையாக எடுத்துக்கொண்டாள். மில் தண்ணீர் ஓடும் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் குடிதண்ணீர்க் கிணறு. தண்ணீர் வெள்ளையாக, புளிப்பாக வரும். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மற்ற மெம்பர்களிடம் முகர்ந்து பார்க்கச் சொன்னாள்.

அடுத்து துணைத் தலைவர் தேர்வு. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஊராட்சியில் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் விழுந்தால்தான் எந்த வேலையும் நகரும். இந்தத் தேர்வில் ஊர் ஜனம் ஓட்டுப் போடாது. ஆறு வார்டு மெம்பர்களும் தலைவரும், மொத்தம் ஏழு பேர் மட்டும் போடுவார்கள். ஒரு பக்கம் மொதலாளியின் தம்பி. இன்னொரு பக்கம் மலையடிவாரத்துக் குடியிருப்பிலிருந்து ஜெயித்து வந்த ஒரு அக்கா. கிணற்றை மாற்றுவேன் என்று சொன்னவர் அவர். அக்கா பக்கம் மூன்று ஓட்டு உறுதி. தம்பி பக்கம் நான்கு: தம்பி, தலைவர், மில் வாட்ச்மேன் தாத்தா, என் அம்மா.

தாத்தாவும் மெம்பர்தான். அவரையும் மொதலாளிதான் நிறுத்தினார். லைனில் முதல் வீடு அவருடையது.

அந்த மாதம்தான் எனக்கு காலேஜில் செமினார். சரித்திரம் மூன்றாம் வருஷம். சீட்டுக் குலுக்கி எடுத்ததில் எனக்கு வந்தது ஒரு வெள்ளைக்கார எம்.பி. போன நூற்றாண்டுக்கும் முந்தைய ஆள். லைப்ரரியில் ஒரே ஒரு புத்தகம், நடுவில் பக்கம் கிழிந்தது. கடுப்போடு படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் கடுப்பு போய்விட்டது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓட்டு என்பது வாயால் சொல்வது. மேடை ஏறி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் பெயரைச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுதிக்கொள்வார். யார் யாருக்குச் சொன்னார் என்று அச்சடித்துப் புத்தகமாகவே விற்றிருக்கிறார்கள். நிலத்துக்காரர் அதைப் புரட்டிப் பார்ப்பார். தன் சொல்லைக் கேட்காத குத்தகைக்காரர் பெயர் கண்ணில் பட்டால், அந்தக் குடும்பம் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதைப் படித்தபோது நான் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மில் புகைக்கூண்டு.

என் எம்.பி. ஏழை இல்லை. பணம் புழங்கிய வீட்டுப் பிள்ளை. காலேஜுக்கு அனுப்பாமல் குடும்பத் தொழிலில் உட்கார வைத்துவிட்டார்கள், மிச்ச நேரத்தில் தானாகப் படித்தவர். பார்லிமென்டுக்குப் போனதும் ஓட்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றார். அடுத்த வருஷம் மறுபடி கொண்டுவந்தார். மறுபடி தோற்றார். ஆம்பிளை என்றால் வெளியே சொல்லிப் போடட்டும், ஒளிந்துகொண்டு போடுவது கோழைத்தனம் என்று எதிரிகள் கேலி பேசினார்கள். இப்படிப் பேசியவர்களில் பாதிப் பேர் நிலத்துக்காரர்கள். கடைசியில் அவர் அலுத்துப்போய்ப் பார்லிமென்டை விட்டே வெளியேறினார். புத்தகம் எழுதப் போய்விட்டார். சட்டம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கடைசிக் காலத்தில் அவருக்கே ரகசிய ஓட்டில் பழைய நம்பிக்கை இல்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் செமினாரில் விட்டுவிட்டேன். கை தட்டு வாங்க அது உதவாது.

கை தட்டு நன்றாகவே விழுந்தது. அந்த ஜோரில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முழுக் கதையையும் கொட்டினேன்.

"அதனால நீ யாருக்கு வேணா போடு. ஒருத்தனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "அந்த வெள்ளக்காரரு எத்தினி ஓட்ட வச்சி இதச் சொன்னாரு?"

"எத்தினின்னா? ஆயிரக்கணக்குல."

"நாங்க ஏழு பேருடி."

மறுநாள் மத்தியானம் மில் ஆபீஸுக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். தாத்தாவையும் தலைவரையும் கூட. நானும் ஒட்டிக்கொண்டு போனேன், படித்த பெண் என்று யாரும் துரத்தவில்லை. மொதலாளி நாற்காலியில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். சுவரில் சாமிப் படத்துக்குக் கீழே கற்பூரத் தட்டு இருந்தது. தலைவர் அதைப் பார்த்தார்.

"சத்தியம்லாம் வாணாம்" என்றார் மொதலாளி. "கற்பூரத்துக்குக் கண்ணு கெடையாது. எனக்கு கீது."

மில் மேஸ்திரி காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக் கட்டம் வரைந்தார். ஓட்டுச் சீட்டில் பெயருக்கு நேரே ஒரு கட்டம் இருக்கும், அதில் பேனாவால் பெருக்கல் குறி போட வேண்டும். எண்ணும்போது அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். தலைவர் கட்டம் நிறையப் பெரிதாகப் போட வேண்டும். தாத்தா வலது மேல் மூலையில் எறும்பு மாதிரிச் சின்னதாக. அம்மா நடுவில் போட்டு, இடது கால் ஒன்றை மட்டும் கட்டத்தின் கோடு வரை இழுத்துவிட வேண்டும். மொதலாளியின் தம்பி அங்கே உட்கார்ந்து பார்ப்பார். எந்தக் குறி தன் பெயருக்கு நேரே வரவில்லையோ அந்த ஆள் மாட்டினார்.

"பேரு எழுதச் சொல்லல பாரு" என்று மேஸ்திரி சிரித்தார். "ரகசியம்தான் இது."

நான் சிரிக்கவில்லை. முந்தின நாள் நாற்பது பேருக்கு முன்னால் பேசின அத்தனையையும் ஒரு காலண்டர் தாளில் மேஸ்திரி முடித்துவிட்டார்.

வெளியே வரும்போது மொதலாளி அம்மாவிடம் மட்டும் கேட்டார். "பொண்ணு கடைசி வருஷமா?"

"ஆமாங்க."

"இங்கேர்ந்துதான போய் வருது."

"ஆமாங்க."

அவ்வளவுதான் கேட்டார். லைன் வீட்டிலிருந்துதானே போய் வருகிறாள் என்கிறார். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம், "அவருக்கே போட்டுடும்மா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாவிட்டால் இன்னும் யோசிக்கிறாள் என்று அர்த்தம். அது எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அவள் அக்காவுக்குப் போட்டுவிட்டால்? தட்டுமுட்டுச் சாமான்களோடு ரோட்டில் நிற்பதை நான் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். முதலில் கட்டில், அப்புறம் அடுப்பு, அப்புறம் என் புத்தகப் பை.

தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் தாத்தா எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா கிணற்றுக்குப் போயிருந்தாள். அவர் கையில் ஒரு குச்சி.

"பாப்பா, என் கிராஸ எப்டிம்மா போடணும்? மேஸ்திரி காட்டனாரு. தலைல நிக்க மாட்டேங்குது. மறுபடி கேட்டா திட்டுவான்."

சத்தியமாக, அந்த நிமிஷம் வரை எனக்கு எந்த யோசனையும் இல்லை. அவர் குச்சியை என்னிடம் நீட்டினார். நான் மண்ணில் ஒரு கட்டம் போட்டேன். நடுவில் பெருக்கல் குறி. இடது காலைக் கோடு வரை இழுத்தேன்.

"மூலைலன்னு சொன்ன மாரி இருந்திச்சே."

"அது தலைவருக்கு தாத்தா. உங்களுக்கு இதான்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்." பத்துத் தடவை போட்டுப் பழகினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் இடது காலை அழகாக இழுத்தார். போகும்போது எனக்கு ஒரு கொய்யாக்காய் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கணக்கு இதுதான். அம்மாவின் குறி தம்பி பெயருக்கு நேரே ஒரு சீட்டில் வந்துவிடும், தாத்தா கையால். அம்மா அக்காவுக்குச் சாதாரணமாக ஒரு குறி போட்டால் யாருக்கும் தெரியாது. தாத்தாவின் குறி மட்டும் காணாமல் போகும். வயசானவர், மறந்திருப்பார் என்று விட்டுவிடுவார்கள். விட்டுவிடுவார்கள் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

அம்மா குடத்தை இறக்கியதும் சொன்னேன். "நாளைக்கு உன் குறிய வேற ஒருத்தர் போடுவாங்க. நீ மனசுல இருக்கிறவங்களுக்குப் போடு."

"யாரு?"

"அத உனக்கு எதுக்கு. நான் பாத்துக்கினேன்."

அம்மா குடத்தை மூடி வைத்தாள். மேலே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் ஊராட்சி அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. ஏழு பேர் உள்ளே. பிளாக் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். தம்பிக்கு ஒன்று, கட்டம் நிறையப் பெரிசு. அக்காவுக்கு ஒன்று. அக்காவுக்கு இன்னொன்று. தம்பிக்கு ஒன்று, இடது கால் நீண்டது. தாத்தா அழகாகவே இழுத்திருந்தார். தம்பிக்கு இன்னொன்று, அது அவரே போட்டுக்கொண்டது. கடைசி இரண்டும் அக்காவுக்கு. நான்குக்கு மூன்று.

அக்கா எழுந்து எல்லோருக்கும் கும்பிட்டார். தம்பி கும்பிடவில்லை. அவர் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார், தேர்வு எழுதி முடித்த பிள்ளை மாதிரி.

மறுநாள் காலை மில் கேட்டில் தாத்தாவின் ஸ்டூல் இல்லை. வேறு ஆள் நின்றான். மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தாத்தா கேட்டுக்கு எதிரே இருந்த சின்னப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார். உள்ளே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரே விஷயம்தான். "நான் மொதலாளி தம்பிக்குத்தாம்பா போட்டேன்."

"போட்டா எங்க பெருசு உன் கிராஸு?" என்று மேஸ்திரி நக்கலடிப்பார். "எறும்பு நவுந்து பூட்ச்சா?"

தாத்தாவுக்கு அந்தப் பேச்சே புரியவில்லை. எறும்பு என்றால் என்னவென்று அவருக்கு மறந்துவிட்டது. அவர் போட்டது உண்மை. அதை நிரூபிக்க உலகத்தில் அவருக்கு ஒரு வழியும் இல்லை. இப்படி ஒரு நிலைமை என் எம்.பி.யின் புத்தகத்தில் எங்கேயும் வரவில்லை. கிழிந்த பக்கத்தில் இருந்ததோ என்னவோ.

நான்கு நாள் நான் அந்தப் பாலத்தைத் தாண்டிப் பஸ்ஸுக்குப் போனேன். முகத்தைப் போனுக்குள் வைத்துக்கொண்டு போனேன். அவர் என்னைக் கூப்பிட்டுவிடுவாரோ என்ற பயம். அம்மாவிடம் சொல்லிவிடுவாரோ என்ற பயம். சொல்லாமலே வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவாரோ என்றும் பயம். இதில் எது பெரிய பயம் என்று கேட்டால், முதல் இரண்டும்தான். பொய் சொல்ல விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் அம்மாவும் கடைக்குப் போய்த் திரும்பும்போது அவர் எழுந்து குறுக்கே வந்தார்.

"பாப்பா, நீ சொல்லும்மா. நீ காட்டன மாரியேதான போட்டேன். நடுவுல போட்டு, எடது கால இஸ்த்து வுட்டேன். தப்பா போட்டுட்டேனா?"

அம்மா பையைத் தரையில் வைத்தாள். அவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"நீங்க சரியாத்தான் போட்டீங்க" என்றாள் அவரிடம்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "அந்த மனுசனுக்கும் இதே லைன்லதானடி வூடு" என்றாள். அவ்வளவுதான். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். பரீட்சை முடியட்டும், அப்பா வரட்டும், தாத்தாவுக்கு வேறு இடத்தில் வேலை கேட்டுப் பார்க்கலாம், அக்கா இப்போது துணைத் தலைவர், அவரிடம் சொல்லலாம். அம்மா தோல் சீவும் கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை வேலை ஆரம்பிக்கும் நேரம். கிழங்குக் குவியலைச் சுற்றி முப்பது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மொதலாளி எடை மேடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் காலேஜுக்குப் போகவில்லை, கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கீழே நின்றால் குவியல் மறைக்கும் என்று அம்மா எடை மேடைமேல் ஏறினாள். அவள் குரல் பெரிதாகவே வந்தது.

"மலையடிவாரத்து அக்காவுக்குப் போட்டது நானுங்க. தாத்தா உங்க தம்பிக்குத்தான் போட்டாரு. என் கிராஸ அவுருக்கு மாத்திச் சொல்லிக் குடுத்ததும் நாந்தான். அவுரு மேல தப்பு இல்ல."

நான்தான் என்று என்னைச் சொல்லவில்லை. நானும் உள்ளே போய் 'இல்லை, நான்தான்' என்று சொல்லவில்லை. கத்திகளின் சத்தம் மொத்தமாக நின்றுபோயிருந்தது.

மொதலாளி டீயை முழுதாகக் குடித்து முடித்தார். கிளாஸை மேஸ்திரியிடம் கொடுத்தார்.

"மெம்பரம்மா, நீ டீ குடிச்சியா?"

"குடிச்சிட்டேங்க."

"சரி. போய் வேலையப் பாரு."

அம்மா இறங்கிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து சீவ ஆரம்பித்தாள். அவர் கத்தியிருந்தால் தேவலை. வேலையை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால், எங்கே போவது என்றாவது யோசித்திருப்போம். அதற்கப்புறம் பதினோரு நாள் ஆகிவிட்டது. தாத்தாவின் ஸ்டூல் கேட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது, வீட்டைக் காலி செய்யும் பேச்சும் நின்றுவிட்டது. அவர் எங்கள் பக்கம் திரும்புவதில்லை, நான் வணக்கம் சொன்னால் கேட்டுக் கம்பியைப் பார்க்கிறார். லைனில் யாரும் எங்களிடம் தீப்பெட்டிகூடக் கேட்பதில்லை. மில் பக்கமிருந்து பைக் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறாள். நான் சர்டிபிகேட்டுகளை ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். அப்பா போனில் ஒரே கேள்வியைக் கேட்கிறார், ஏதாவது சொன்னாங்களா என்று. ஒன்றும் சொல்லவில்லை என்கிறோம். கிணறு விஷயமாக அக்கா தீர்மானம் எழுதிவிட்டார். அம்மா அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

இன்று காலையிலிருந்து லைனில் எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை.